துபாய்க்கும் டொராண்டோவுக்கும் நடுவே ஆறு மணி நேரம்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவேன். அப்பா கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்திலிருந்து கொத்து வேலைக்காக மைசூருக்கு வந்தவர். அம்மா அவர் பின்னாலேயே வந்து, நானும் தங்கையும் பிறந்த பிறகும் சித்தாளாகச் செங்கலும் ஜல்லியும் சுமந்தவள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது; எண்கள் தெரியும். பஸ் நம்பர், போன் நம்பர், கடிகாரம் எல்லாம் பார்த்துவிடுவாள். நான் பத்தாவது முடித்தேன், பி.யூ.சி. முடித்தேன், பி.காம். முடித்தேன். எல்லாம் கன்னடத்தில். தமிழ் எழுத்தைப் பழைய வாரப் பத்திரிகைகளை வைத்துக்கொண்டு நானாகவே படித்தேன். எங்கள் தெருவில் ரேஷன் கார்டு, ஆதார், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் என்று எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்கு வந்துவிட்டுத்தான் அலமாரிக்குப் போகும்.

இப்போது மைசூர் விஜயநகரில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பள்ளி பஸ்களின் தடங்களைப் போடுவது என் பொறுப்பு. எந்தத் தெரு முனையில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், எத்தனை குழந்தைகள் ஏறுவார்கள், கேட்டுக்குள் எப்போது நுழைய வேண்டும் என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாக எழுதுவேன். முதல் நிறுத்தம் ஏழு பத்து, பள்ளி எட்டு ஐந்து. கழித்தால் ஐம்பத்தைந்து நிமிடம். டிரைவர்கள் மழையைச் சொல்லி, சிக்னலைச் சொல்லி ஐந்து நிமிடம் கூடக் கேட்பார்கள். நான் கொடுப்பதில்லை. கழித்தல் கணக்கில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

என்னைவிட நான்கு வயது இளையவள் தங்கை. நர்ஸிங் படித்தாள். அவளுக்கு ஃபார்ம் நிரப்பியதும், ஹாஸ்டலில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் நான். திருமணமாகி இரண்டு வருடங்களாக டொராண்டோவில் இருக்கிறாள். இந்த வருடம் அவளுக்கு முதல் பிரசவம். அம்மா உடனிருக்க வேண்டும் என்றாள். விசா வந்தது. ஒரு புதன்கிழமை டிக்கெட்டை என் போனுக்கு அனுப்பினாள். கூடவே நான்கு நிமிட வாய்ஸ் மெசேஜ் ஒன்று.

அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த மெசேஜைக் கேட்க ஆரம்பித்தேன். "அக்கா, நல்லா கேட்டுக்கோ. டிக்கெட்டப் பிரிண்ட் எடு. பாஸ்போர்ட்டோட சேத்து ஒரு கவர்ல போடு. அம்மா பேர்ல வீல்சேர் போட்டிருக்கேன், ஏர்போர்ட்ல கேட்டு வாங்கு..." அரை நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். கவரில் போடத் தெரியாதவளா நான்? அவளுக்கே பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தவள் நான்தானே. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தேன்.

அன்று மாலை வீட்டில் டிக்கெட்டைத் திறந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எத்தன நேரம் கண்ணு?"

"ரெண்டு ஃபிளைட்டும்மா. இரு, சொல்றேன்."

"அவசரமில்ல. செரியாச் சொல்லு. அதுக்குத் தக்கன இருந்துக்கறேன்."

அம்மா 'இருந்துக்கறேன்' என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ராமாபுரத்திலிருந்து கொள்ளேகாலுக்கும், அங்கிருந்து மைசூருக்கும் பஸ்ஸில் வந்துபோகும் எங்கள் பக்கத்துப் பெண்கள், பஸ் ஏறுகிற நாளில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். வழியில் ஒதுங்க இடம் கிடையாது. கிடைக்கிற இடத்துக்குள் போக முடியாது. ஆகவே ஏறுவதற்கு வெகு நேரம் முன்பே வாயைக் கட்டிவிடுவார்கள். கட்டட வேலையிலும் இதே கதைதான். ஆண்கள் மணல் குவியலுக்குப் பின்னால் போய் வருவார்கள். பெண்கள் காலையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு, இருட்டும் வரை தொண்டையை நனைக்காமல் கல் சுமப்பார்கள். அம்மா இருபது வருடங்களுக்கு மேல் இப்படி இருந்தவள். வேலைக்குப் போவதை நிறுத்திய பிறகும், வீட்டை விட்டு வெளியே கிளம்பினால் தண்ணீரைத் தொட மாட்டாள்.

அதன் விலையையும் நாங்கள் பார்த்துவிட்டோம். இரண்டு வருடங்களுக்கு முன் உறவில் ஒரு சாவுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தவள் குளிர் ஜுரத்தில் விழுந்தாள். சிறுநீரில் கிருமி, அது சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரி. "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டபோது, "டீ குடிக்கறேனுங்க," என்றாள் அம்மா. டாக்டர் என் பக்கம் திரும்பி, "நீங்க படிச்சவங்க, நீங்கதான் பாத்துக்கணும்," என்றார். அன்றிலிருந்து ஒரு பாட்டிலில் மார்க்கரால் கோடுகள் போட்டு, இந்த நேரத்துக்குள் இந்தக் கோடு வரை என்று குடிக்க வைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் இருக்கிற வரை அம்மா அதைக் கேட்டாள். வாசலைத் தாண்டினால் பாட்டில் அப்படியே திரும்பி வரும்.

டிக்கெட்டின் முதல் பக்கத்தில் இரண்டு வரிகள். பெங்களூரில் இரவு பத்து, துபாயில் பன்னிரண்டரை. துபாயில் விடியற்காலை மூன்றரை, டொராண்டோவில் காலை ஒன்பதரை.

முதல் வரியைக் கழித்தால் இரண்டரை மணி நேரம். ஆனால் துபாய்க் கடிகாரம் நம்முடையதற்கு ஒன்றரை மணி பின்னால் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அங்கேதான் டிரைவராக இருக்கிறார். ஆக நான்கு மணி நேரம். இதைக் கண்டுபிடித்ததும் எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. அந்தச் சந்தோஷத்திலேயே இரண்டாவது வரிக்குப் போனேன். மூன்றரை, ஒன்பதரை. ஆறு. அந்த மூன்றரை ஓர் ஊரின் கடிகாரம், அந்த ஒன்பதரை வேறோர் ஊரின் கடிகாரம் என்பது அப்போது உறைக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை தங்கையோடு பேசுகிறேன். நமக்குச் சாயங்காலம் என்றால் அவளுக்குக் காலை என்பது நன்றாகத் தெரியும். ஆனால் காகிதத்தில் இரண்டு நேரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் என் கை பள்ளி பஸ்ஸைக் கழிப்பதுபோலக் கழித்துவிட்டது. பயண நேரம் அடுத்த பக்கத்தில் சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது. நான் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை.

"மொதல்ல நாலு மணி நேரம். துபாய்ல மூணு மணி நேரம் உக்காரணும். அப்பறம் ஆறு மணி நேரம்."

அம்மா விரல் விட்டு எண்ணினாள். "நாலு, இருந்துக்குவேன். துபாய்ல எறங்கி ஒரு தடவ போயிக்கறேன். பொறகு ஆறு. இங்கிருந்து ஊருக்குப் போயி உடனே திரும்புனா ஆறுக்கு மேலயே ஆயிரும். அதுவே இருக்கறேன், இது என்ன பிரமாதம்?"

"பிளேன்லயே பாத்ரூம் இருக்கும்மா."

"இருக்கட்டும். ஆம்பளைங்களும் அதுலதான் போவாங்களாமே. கதவு தானா பூட்டிக்குமாம். நான் உள்ள மாட்டிக்கிட்டா எந்த பாசைல கத்தறது?"

அப்பா கட்டிலில் இருந்தபடி சொன்னார்: "தமிழ்லயே கத்து. ஆகாசத்துல யாரு தமிழா கன்னடமான்னு பாக்கப் போறாங்க."

"நீங்க சும்மா இருங்க. வீல்சேராம் எனக்கு. எனக்கென்ன காலா இல்ல?"

"ராணி மாதிரி உக்காந்து போவியா, அத விட்டுப்போட்டு."

நான் அந்த இடத்தில் வற்புறுத்தியிருக்க வேண்டும். விமானத்தில் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் என்னிடம்தானே சொன்னார். ஆனால் ஆறு மணி நேரம் என்பது எனக்கும் பெரிதாகத் தெரியவில்லை. அம்மாவின் பயமும் எனக்குப் புரிந்தது. "சரி, ஆறு மணி நேரம்தானே, தாங்கிக்கோ. எறங்குன ஒடனே ஒரு பாட்டில் முழுசாக் குடிச்சிரணும்," என்று நானே அனுமதி கொடுத்துவிட்டேன்.

அதோடு நிற்கவில்லை. அம்மாவுக்காக ஒரு காகிதம் எழுதினேன். எழுத்தே இல்லாமல், எண்கள் மட்டும். கைக்கடிகாரத்தை மாற்றாதே, நம்ம ஊர் நேரத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லி, பெரிய பெரிய எண்களாக எழுதினேன். 10, கோடு, 2. அதற்குக் கீழே 5, கோடு, 11. பத்துக்கு ஏறி இரண்டுக்கு இறங்கு. ஐந்துக்கு ஏறி பதினொன்றுக்கு இறங்கு. காகிதத்தை அம்மா நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். அன்று மாலை பக்கத்து வீட்டில், "எம்பொண்ணு எல்லாத்தையும் நம்பர்லயே எழுதிக் குடுத்துட்டா, ஒருத்தரையும் கேக்க வேண்டியதில்ல," என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

சனிக்கிழமை நானும் அப்பாவும் ஏர்போர்ட் வரை போனோம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வீல்சேரில் உட்கார்ந்து, மடியில் பையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி அம்மா திரும்பிப் பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கடிகாரத்தைத் தொட்டுக்காட்டினாள். நான் தலையாட்டினேன்.

ஞாயிறு காலை நான் எழுந்தபோது தங்கையிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது. துபாயில் வீல்சேர் தள்ளிய பெண்ணின் போனிலிருந்து அம்மா பேசினாளாம். இரண்டாவது விமானத்தில் ஏறிவிட்டாளாம். கீழே ஒரு லிங்க். விமானம் எங்கே பறக்கிறது என்று அதில் பார்க்கலாம். பார்க்க என்ன இருக்கிறது, பதினொன்றுக்கு இறங்கிவிடுவாள் என்று துணி துவைக்கப் போய்விட்டேன்.

அப்பா பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். கையில் தேங்காய் எண்ணெய், பக்கத்தில் பழைய செய்தித்தாள். பதினொன்று அடித்தது. பதினொன்றரை ஆயிற்று.

"எறங்கிட்டாளா?"

"இன்னும் போன் வரலப்பா."

"பதினொன்னுன்னியே."

"கொஞ்சம் லேட்டா இருக்கும்."

தங்கைக்கு மூன்று நான்கு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. அவள் கணவருக்கு அடித்தேன். அவரும் எடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அம்மா அங்கே ஏர்போர்ட்டில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்; இவர்கள் போனைக்கூடப் பார்க்காமல் எங்கே போய்த் தொலைந்தார்கள்? லைனுக்கு வந்ததும் நன்றாகக் கேட்க வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே அந்த லிங்கைத் திறந்தேன்.

மஞ்சள் நிறத்தில் சின்ன விமானம் ஒன்று. அது டொராண்டோவில் இல்லை. ஐரோப்பாவுக்கு மேலே, வடக்கே, கடல் விளிம்பில் நின்றது. பின்னால் வளைந்து வந்த கோடு நீளமாக இருந்தது. முன்னால் போக வேண்டிய கோடு அதைவிட நீளமாக இருந்தது.

படம் தப்பாகக் காட்டுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். நெட் மெதுவாக இருக்கும் என்று மூடித் திறந்தேன். விமானம் ஒரு நூல் நகர்ந்திருந்தது. கீழே தூரம் போட்டிருந்தது. துபாயிலிருந்து டொராண்டோ, ஏறக்குறைய பதினோராயிரம் கிலோமீட்டர்.

ஈரக் கையோடு படிக்கட்டில் உட்கார்ந்தேன். பெங்களூரிலிருந்து துபாய் எவ்வளவு என்று தேடினேன். சுமார் இரண்டாயிரத்து எழுநூறு. அதற்கு நான்கு மணி நேரம் ஆகிறது. இது அதைப்போல நான்கு மடங்கு. நான்கு மடங்கு தூரத்துக்கு ஆறு மணி நேரம் எப்படிப் போதும்? பள்ளி பஸ் டிரைவர் யாராவது இப்படி ஒரு தடத்தை எழுதிக் கொண்டுவந்திருந்தால் ஒரே பார்வையில் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

பிறகுதான் மணியைப் பார்த்தேன். இங்கே பதினொன்றே முக்கால். அங்கே ஒன்பதரை மணி நேரம் பின்னால். விடியற்காலை இரண்டே கால். தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். நிறைமாதக்காரி அந்த நேரத்தில் வேறென்ன செய்வாள்? டிக்கெட்டில் இருந்த ஒன்பதரை அவள் ஊரின் ஒன்பதரை. இங்கே அப்போது இரவு ஏழு.

அம்மா இறங்குவது பதினொன்றுக்கு அல்ல, ஏழுக்கு. ஆறு மணி நேரம் அல்ல, பதினான்கு.

நான்கு நிமிட வாய்ஸ் மெசேஜை அப்போது எடுத்துக் கேட்டேன். பாஸ்போர்ட், கவர், வீல்சேர். நான் நிறுத்திய இடத்தைத் தாண்டியது. 'இல்லையா' என்பதற்கு நாங்கள் சொல்கிற கன்னட 'அல்வா'வோடு பேசிக்கொண்டே போனாள். "...அக்கா, இதுதான் முக்கியம். ரெண்டாவது ஃபிளைட் பதினாலு மணி நேரம். அம்மா தண்ணி குடிக்காமலே வந்துருவாங்க, உனக்கே தெரியும் அல்வா? மறுபடி இன்ஃபெக்‌ஷன் ஆச்சுன்னா இங்க ரொம்பக் கஷ்டம். சீட்டு பாத்ரூம் பக்கமாத்தான் போட்டிருக்கேன். ரெண்டு மணிக்கு ஒரு தடவ குடிக்கணும், எந்திரிச்சு நடக்கணும்னு சொல்லு. நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீ சொன்னாத்தான் கேப்பாங்க."

கடைசி வரியை இரண்டாவது முறை கேட்கவில்லை.

விமான கம்பெனியின் நம்பரைத் தேடி அடித்தேன். ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்து, இந்திக்கு இரண்டை அழுத்து என்றது. ஒன்றை அழுத்தினேன். இசை ஓடியது. யாராவது எடுத்தால் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். கடலுக்கு மேலே பறக்கிற விமானத்தில், பாத்ரூம் பக்கத்து சீட்டில், என் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் போய், அவள் மகள் கணக்கைத் தப்பாகச் சொல்லிவிட்டாள், தண்ணீர் குடிக்கலாம் என்று தமிழில் சொல்லுங்கள். இசை முடிவதற்குள் வைத்துவிட்டேன்.

அப்பாவிடம் பன்னிரண்டரை மணிக்குத்தான் சொன்னேன். அதுவரை துணி காயப்போட்டேன், காய்ந்ததை மடித்தேன், ஏற்கெனவே மடித்ததைப் பிரித்து மடித்தேன்.

"அப்பா, அம்மா ஏழு மணிக்குத்தான் எறங்குவா."

"ஏன், வண்டி நின்னு போச்சா?"

"இல்ல. பதினாலு மணி நேரம் ஆகும். நான் ஆறுன்னு தப்பாச் சொல்லிட்டேன்."

அப்பா கத்தியைச் செய்தித்தாளின் மேல் வைத்தார். எட்டு மணி நேரம் வித்தியாசம் என்பதை அவர் மனதுக்குள் கழிப்பது முகத்தில் தெரிந்தது.

"எட்டா? ஒரு நாள் வேல நேரமாச்சே."

"ம்."

"தண்ணி குடிச்சிருக்க மாட்டா."

"நான்தான் தாங்கிக்கோன்னு சொன்னேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஒரு சுளையிலிருந்து கொட்டையை எடுத்துக்கொண்டே சொன்னார்: "ரிங் ரோடு பக்கம் பெரிய பில்டிங் கட்டுனப்ப, காலைல ஏழுக்கு வாயக் கட்டுனான்னா சாயங்காலம் ஆறுக்குத்தான் தொறப்பா. பதினொரு மணி நேரம். இப்ப அதுக்கு மேல மூணு மணி நேரம், அவ்வளவுதான். சும்மா உக்காந்துதான போறா. தலைல ஒண்ணும் சொமையில்ல."

எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். பதினொரு மணி நேரம் என்பதை அதுவரை எனக்கு யாரும் எண்ணிச் சொன்னதில்லை. அந்தக் கட்டடம் நடந்துகொண்டிருந்தபோது நான் எட்டாவது படித்தேன். பள்ளியில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லை என்று நாங்கள் நான்கு பேர் ஹெட்மாஸ்டருக்கு மனு எழுதினோம். எழுதியவள் நான்தான். அதை அம்மாவிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன். அம்மா கையைத் தட்டிச் சிரித்துக் கேட்டாள்.

மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பலாச்சுளைகளை ஒரு பாத்திரத்தில் போட்டு, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். மழை பெய்து நின்றது. நான் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மஞ்சள் விமானத்தைப் பார்த்தேன். மூன்று மணிக்கு அது கிரீன்லாந்தின் வெள்ளைக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதுல எது அவ?"

"இந்த மஞ்சள்."

"ஊரு ஒண்ணையும் காணமே."

"அங்க ஊரு இல்லப்பா. பனிதான்."

"பனின்னா தண்ணிதான." எழுந்து போனார்.

மாலை நான்கரைக்கு, அங்கே காலை ஏழு, தங்கை எழுந்து என் தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். "என்னக்கா, என்ன ஆச்சு? நடு ராத்திரில இத்தன கால்?" சொல்லியிருக்கலாம். "ஒண்ணுமில்ல, அம்மா எங்க இருக்கான்னு கேக்கலாம்னு," என்றேன். "லிங்க் அனுப்பினேன் அல்வா? கரெக்ட் டைம்தான். கெளம்பிட்டே இருக்கோம்." வைத்துவிட்டாள். வயிற்றுப் பிள்ளையோடு இருப்பவளைப் பயமுறுத்த வேண்டாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஏழு மணிக்கு மஞ்சள் விமானம் டொராண்டோவின் மேல் நின்றது. பிறகு மறைந்தது. எட்டே காலுக்கு வீடியோ கால் வந்தது.

காருக்குள் இருந்தார்கள். பின் சீட்டில் அம்மா. தலை கலைந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. ஆனால் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது, பாதி காலி.

"அம்மா, நல்லாருக்கியா? வயிறு வலிக்குதா? எரியுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. நல்லாருக்கறேன்."

தங்கை முன் சீட்டிலிருந்து திரும்பிச் சிரித்தாள். "அக்கா, அம்மா பண்ணுன காமெடியக் கேளு. ஆறு மணி நேரத்துல எறங்கிரலாம்னு இருந்திருக்காங்க. பதினொரு மணியானதும் பையெல்லாம் எடுத்து மடில வெச்சுக்கிட்டு, சீட்டு நுனில ரெடியா உக்காந்துட்டாங்களாம். பஸ் ஸ்டாண்டு வருதுன்னு."

"அப்பறம்?" என்றார் அப்பா, என் தோளுக்குப் பின்னாலிருந்து.

அம்மாவே சொன்னாள். "அரை மணி நேரம் பாத்தேன். எறங்கற மாதிரி தெரியல. வழி தப்பிருச்சோன்னு கூட நெனச்சேன். ஆனா ஒருத்தரும் சத்தம் போடலயே. நம்ம பஸ்ஸு அரை மணி லேட்டாச்சுன்னா கண்டக்டர என்ன பேச்சுப் பேசுவாங்க? இங்க அத்தன பேரும் போத்திட்டுத் தூங்கறாங்க. அப்ப வண்டி லேட்டில்ல. நம்ம கணக்குத்தான் என்னமோன்னு புரிஞ்சுபோச்சு."

"தண்ணி?"

"அப்பறந்தான் குடிச்சேன். வாங்கி வாங்கிக் குடிச்சேன். ஒரு பொம்பள உள்ள போறதப் பாத்தேன், கதவ எப்பிடி மடக்கறான்னு பாத்துக்கிட்டேன். நானும் போயிட்டு வந்தேன். மூணு தடவ போனேன்," என்றாள். கடைசி வாக்கியத்தில் ஒரு பெருமை இருந்தது.

தங்கை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். "நான் பதினாலுன்னு அக்காகிட்டச் சொன்னேன், அக்கா உங்ககிட்டச் சொன்னா. நடுவுல ஆறு எங்கிருந்து வந்துச்சும்மா?"

"அவ செரியாத்தான் சொன்னா. நான்தான் மறந்துபோட்டேன்," என்றாள் அம்மா. "எழுதிக்கூடக் குடுத்தா. நான் ஒழுங்காப் பாக்கல. வயசாச்சு பாரு."

திரையில் அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுதிக் கொடுத்த காகிதம் அந்தப் பர்ஸுக்குள்தான் இருந்தது. பெரிய எண்ணாக 11. அது எந்த எண் என்று அம்மாவுக்குத் தெரியும்.

அப்படியே விட்டிருக்கலாம். அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. படித்த பெண் சரியாகச் சொன்னாள், படிக்காத அம்மா மறந்துவிட்டாள் என்றால் கேட்கிற எவரும் நம்புவார்கள். தங்கை ஏற்கெனவே நம்பிவிட்டாள். அது அவ்வளவு சுலபமாக நம்பப்பட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அம்மா மறக்கல," என்றேன். "நான்தான் ஆறுன்னு சொன்னேன். எழுதிக் குடுத்ததும் அப்படித்தான். டிக்கெட்ல இருந்த டைமக் கழிச்சுச் சொல்லிட்டேன்."

தங்கையின் சிரிப்பு நின்றது.

"கழிச்சா? வேற வேற ஊரு டைம்க்கா அது."

"தெரியும். இன்னைக்குத் தெரிஞ்சுது."

"என் வாய்ஸ் மெசேஜ்?"

"அரை நிமிஷம் கேட்டேன்."

"மீதி?"

"இன்னைக்கு மத்தியானம் கேட்டேன்."

அவள் திட்டட்டும் என்று நான் காத்திருந்தேன். அவளுக்கு அந்த உரிமை இருந்தது. கடைசியில், "அதான் நடு ராத்திரில அத்தன காலா?" என்று மட்டும் கேட்டாள்.

"ம்."

"பிடுக்கா," என்றாள். விடு என்பதற்கு நாங்கள் சின்ன வயதிலிருந்து சொல்கிற கன்னட வார்த்தை. ஆனால் அவள் குரல் முழுதாக விட்டுவிடவில்லை.

"நாந்தான் மறந்துட்டேன்னு சொல்லீட்டேன்ல, அதுக்கு மேல என்ன பேச்சு?" என்றாள் அம்மா எரிச்சலாக. தான் செய்து வைத்த வேலையை நான் கலைத்துவிட்டது போல. பிறகு பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். திரைக்குள் என்னைப் பார்த்தபடியே குடித்தாள்.

"சாப்ட்டீங்களா ரெண்டு பேரும்?"

"இனிமேத்தான்."

"அப்பாவுக்குப் பலாப்பழம் நெறையக் குடுக்காத. வயித்துக்கு ஆகாது." மூடியைத் திருகினாள். "அது சரி, திரும்பி வர்றதுக்கு எத்தன மணி நேரம்?"

"நான் பாத்துச் சொல்றேம்மா," என்றாள் தங்கை. "டிக்கெட் எங்கிட்டத்தான இருக்கு."

"நீ உன் வயித்தப் பாரு. அக்கா சொல்லட்டும்."

என் நாக்கு நுனியில் ஓர் எண் வந்தது. பதினான்கு. போனதற்குப் பதினான்கு என்றால் வருவதற்கும் பதினான்குதானே. யார் எதைக் கேட்டாலும் அந்த நிமிடமே பதில் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். தெருவில் எனக்கிருக்கிற பெயரே அதுதான். வாயைத் திறந்தேன், மூடினேன்.

"தெரியலம்மா," என்றேன். "பாத்துட்டுச் சொல்றேன்."

"பாத்தே சொல்லு. மூணு மாசம் இருக்குதே."

அழைப்பு முடிந்ததும் அப்பா தட்டுகளை எடுத்து வைத்தார். நான் தங்கைக்கு, திரும்பி வரும் டிக்கெட்டை முழுதாக, எல்லாப் பக்கங்களோடும் அனுப்பு என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் அது வந்தது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ், ஆறு நிமிடம். சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் போனை நிமிர்த்தி வைத்து, முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தேன்.